பால் படிக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு புள்ளி

பிள்ளையார் துணை

பியோர்ண்டால், ஒஸ்லோ
தை மாதம், 2008

அன்புள்ள மகன் குகதாசனுக்கும் மருமகள் தங்கேஸ்வரிக்கும் ஒஸ்லோவிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. கடிதத்தின் தொடக்கத்தில் சுகம் எழுத வேண்டும் என்று சனிக்கிழமை முதியோர் வகுப்பில் சிவநாயகி ரீச்சர் சொல்லித் தந்தவர். நான் சுகமா இல்லையா என்பது நீ இதை வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரியும். ஆகையால் அந்த வரியைக் கடைசிக்கு ஒத்தி வைத்திருக்கிறேன்.

இது என் கையால் நானே எழுதும் முதல் கடிதம். இதுவரை நீ இருக்கும் ஸ்தவாங்கருக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் பக்கத்துக் கட்டட ஜெயரத்தினத்தார் எழுதியவை. நான் சொல்லாத புத்திமதிகள் பாதிக்கு மேல் இருந்திருக்கும், அவை அவருடையவை. இந்தச் சங்கதியை அவரைக் கொண்டு எழுதுவிக்க முடியாது. உனக்கு வந்து சேரும் முன்பே ஒஸ்லோ முழுவதும் போய்விடும். டெலிபோனிலும் சொல்ல முடியாது. நீ இடையில் கத்துவாய், எனக்கு வாய் அடைத்துப்போகும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதை எழுதத் தொடங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். எவ்வளவு நல்ல சாமான் இது! எழுத்துத் தெரிந்தவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் வாயால் சண்டை பிடிக்கிறார்களோ தெரியவில்லை. டெலிபோன் வயரையும் சுவரிலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன். மணி அடித்து நான் எடுக்காவிட்டால் செத்துப்போனேன் என்று நினைக்க வேண்டாம், பயத்தில் இருக்கிறேன் என்று நினை.

உன் மகள் கம்சிகா டென்மார்க் பல்கலைக்கழகத்தில் பால் படிக்கப் போன நாளிலிருந்து நீ அவளோடு கதைப்பதில்லை. "டொக்டருக்குப் படிக்கக்கூடிய பிள்ளை, பால் காய்ச்சப் பழக வெளிநாடு போறாளாம்" என்று நீ கத்தியது என் காதில் இன்னும் நிற்கிறது. எனக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. கோயிலில் யாராவது "பேத்தி என்ன படிக்கிறா?" என்று கேட்டால் "பால்" என்பேன். மிச்சத்தையும் சொல்லுவேன் என்று அவர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். மிச்சம் இல்லை. "தைமாதச் சோதினையிலை நல்ல புள்ளி எடுக்காட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து ஒஸ்லோவிலை நேர்சிங் படிக்கட்டும்" என்று சொன்னது நீ. அந்த நாட்டில் வாய்மொழிப் பரீட்சையை யார் வேண்டுமானாலும் உள்ளே இருந்து பார்க்கலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, "அப்பா, நீங்கள் போய்க் கண்ணாலை பாத்திட்டு உள்ளதைச் சொல்லுங்கோ" என்று என்னைக் கப்பலில் ஏற்றியதும் நீதான். கண்ணால் பார்த்துவிட்டேன். உள்ளதை இனித்தான் சொல்ல வேண்டும்.

கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கோபன்ஹேகனில் இறங்கி, கம்சிகா கூட்டிப்போன கட்டடத்தின் நடையில் நின்று பரீட்சை அறையைப் பார்த்தபோதே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். நாங்கள் நோர்வேக்கு வந்த காலத்தில் என்னை அகதி விசாரணைக்கு இருத்தினார்களே ஒரு அறை, அச்சாக அதே அறை. ஒரு மேசை, அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒரு கதிரை. அந்த விசாரணையில் பயத்தில் என் தகப்பன் பேரே எனக்கு மறந்துபோனது உனக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் உள்ளே போய் வந்தான். ஏழு புள்ளியாம். அவனுடைய தாய் பூங்கொத்தோடும் கையில் குட்டிக் கொடியோடும் நின்று அவனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். எங்கள் ஆட்களில் ஏழு புள்ளி எடுத்த பிள்ளையை வீட்டுப் படியில் ஏற்றுவார்களா? இந்த நாட்டில் பெற்றவர்களுக்கு ஆசையே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நான் உடுப்புக் கொழுவும் கம்பிக்குப் பின்னால், மற்றவர்களின் மேலங்கிகளுக்குள் மறைவாக ஒரு கதிரையில் இருந்துகொண்டேன். மேசையில் துண்டுத்தாள்களைக் குப்புறப் பரப்பி வைத்திருந்தார்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போலக் கம்சிகா ஒன்றை எடுத்தாள். எந்தக் கேள்வி வருகிறதோ அதுதானாம். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் அவளுடைய பேராசிரியர். மற்றது, இவர் தன் பிள்ளைகளுக்குச் சும்மா புள்ளி போட்டுவிடாமல் பார்க்க வெளியிலிருந்து கொண்டுவந்து இருத்திய ஒரு அம்மா. அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாலே புள்ளி குறையும் போல இருந்தது. கம்சிகா பேராசிரியரை "மோர்ட்டன்" என்று வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் கோபிக்கவில்லை. கோபத்தைப் புள்ளியில் காட்டப்போகிறார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சுடு கிழங்கை வாய்க்குள் உருட்டிக்கொண்டு நோர்வேஜியன் கதைத்தால் எப்படியோ அப்படித்தான் அந்தப் பாசை. ஆனால் "இல்லை" என்ற சொல் எனக்குத் தெரியும். அந்த மனிசன் ஏதோ கேட்க, உன் மகள் அவர் முகத்துக்கு நேரே "இல்லை" என்றாள். ஒரு தரம் இல்லை, திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

கண்ணைத் திறந்தால் பிள்ளையைக் காணவில்லை. புள்ளி போடும்போது எல்லாரும் வெளியே போகவேண்டுமாம். அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது, மேலங்கிகளுக்குள் நான் இன்னும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எழும்பினால் ஒட்டுக்கேட்க வந்தவன் என்று பொலிசைக் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவர் "பன்னிரண்டு" என்றார். அந்த அம்மாவும் "பன்னிரண்டு" என்றாள். இலக்கங்கள் நோர்வேஜியன் மாதிரியேதான், பிழை கேட்கவில்லை. இரண்டு பேரும் தலையாட்டிப் புத்தகத்தை மூடினார்கள்.

நூற்றுக்குப் பன்னிரண்டு! மகன், என்னால் இருக்க முடியவில்லை. மேலங்கிகளை விலக்கிக்கொண்டு எழும்பினேன். அந்த அம்மா வீரிட்டுக் கத்தினாள். எனக்குத் தெரிந்த நோர்வேஜியன் முழுவதையும் ஒன்றாகக் கூட்டி, "நான் தாத்தா. நல்ல பிள்ளை. கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ" என்று கெஞ்சினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மோர்ட்டன் எனக்கு விளங்கும்படி ஆறுதலாக, "இதற்கு மேலே கொடுக்க எங்களிடம் இல்லை" என்றார். இல்லையாம்! அரசாங்கத்துப் புள்ளி, இவர்கள் வீட்டிலிருந்தா கொண்டுவந்து தரப்போகிறார்கள்? அந்த நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பையில் பிள்ளைக்கென்று கொண்டுபோன பருத்தித்துறை வடைப் பொட்டலத்தை எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டேன். அந்த அம்மா ஒன்றைக் கடித்து, உறைப்பில் வந்த கண்ணீரோடு கோப்பியைக் குடித்தாள். வெளியே வந்த பிறகுதான் செய்தது என்ன என்று உறைத்தது. நாங்கள் ஊரில் அலுவலுக்குப் போனால் கையில் ஏதாவது கொண்டுபோவோம். இந்த நாடுகளில் அதற்கு லஞ்சம் என்று பேர். அந்தப் பன்னிரண்டையும் பறித்துவிட்டு என்னையும் பிடித்து உள்ளே போட்டால் என்ன செய்வது?

பிறகு கம்சிகாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். வெளியே ஓடி வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறாள், சிரிக்கிறாள், திரும்ப அழுகிறாள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்பப்பா, நீங்கள் உள்ளுக்கையே இருந்தனீங்கள்?"

"ஓம் குஞ்சு. எல்லாம் கேட்டனான்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும், தெரியும். இனி அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. அழாதை."

"அப்பாட்டை நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டார்."

"நான் சொல்லுறன். நீ வாயைத் திறந்துபோடாதை."

அவளுடைய கூட்டாளிகள் எங்களைப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே இருக்கிற ஒரு பியர்க்கடைக்குக் கூட்டிப்போனார்கள். படிக்கிற இடத்தில் பியர்! பிறகு எப்படிப் புள்ளி வரும்? எனக்கு அப்பிள் தண்ணி தந்தார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனம் உள்ள பிள்ளைகள்.

மகன், இனி நான் சொல்ல வந்தது. அவளைத் திருப்பிக் கூப்பிடாதே. அந்த அறையில் நான் என் தகப்பன் பேரை மறந்தவன். உன் மகள் அதே மாதிரி அறையில், அதே மாதிரி இரண்டு பேருக்கு முன்னால், ஒரு தரம்கூடத் தலை குனியாமல் கதைத்தாள். தெரியாத இடத்தில் நின்று யோசித்தாள், பிறகு கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினாள். எனக்கு அந்தப் பாசை தெரியாது. பயப்படாத பிள்ளை எப்படி இருக்கும் என்று தெரியும். நான் பார்த்ததற்குப் பன்னிரண்டு போதாது. அவர்கள் போட்டதை வைத்து நீ அவளை அளக்காதே. இன்னொரு தவணை பொறு. ஊர் வாயைப் பற்றியும் கவலைப்படாதே. பஸ் தரிப்பிடத்தில் ஜெயரத்தினத்தார் தன் லண்டன் பேரன் எண்பத்தொன்று எடுத்தான் என்று சொல்லிவிட்டு "உங்கடை பேத்தி எத்தினை?" என்று கேட்டார். என் வாயில் எண்பத்திரண்டு வந்துவிட்டது. நீயும் அதையே சொல்லு.

உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாமலும் கோபம் இல்லாமலும் இருக்கப் பிள்ளையார் அருள வேண்டும்.

இப்படிக்கு,
பயத்தோடு,
அப்பா

பிற்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கீழ் வீட்டுச் சோதிலிங்கம் கதவை இடித்தான். கம்சிகா எனக்கு டெலிபோன் எடுத்து எடுத்துப் பார்த்து, வயர் கழன்றது தெரியாமல் பயந்து, அவனுக்கு எடுத்திருக்கிறாள். "அண்ணை, பேத்திக்குப் பன்னிரண்டாமே! சாப்பாடு எப்ப?" என்றான். நக்கல் அடிக்கிறான் என்று கதவைச் சாத்தப் பார்த்தேன். காலை இடையில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். அங்கே ஆகப் பெரிய புள்ளியே பன்னிரண்டுதானாம். அதற்கு மேலே ஒன்றும் கிடையாதாம். அடுத்தது பத்து, பிறகு ஏழு, அப்படியே இறங்கிப் பூச்சியத்துக்குக் கீழேயும் ஒரு பள்ளம் வெட்டி, சய மூன்று, அதாவது மைனஸ் மூன்று என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். அந்த மனிசன் "இதற்கு மேலே எங்களிடம் இல்லை" என்று சொன்னது உண்மையைத்தான். நான் அவரைத் திட்டியதை நீ மன்னித்துக்கொள். வடை சங்கதியும் ஒன்றுமில்லையாம். அந்த அம்மா மிச்சத்தையும் பொதி பண்ணிக் கொண்டுபோனாளாம்.

இதைக் கிழித்துவிட்டு இரண்டு வரியில் எழுதுங்கள் என்று சோதிலிங்கம் சொல்கிறான். அவன் சின்ன வயதிலேயே எழுதப் பழகினவன், அவனுக்கு அப்படித்தான் தோன்றும். நான் கிழிக்க மாட்டேன். என்னைப் போல நீயும் முழுக்கப் பயந்துவிட்டுச் சந்தோசப்படு. ஒரே ஒரு கவலைதான் மிச்சம். ஜெயரத்தினத்தாரிடம் எண்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன். அதை இனிப் பன்னிரண்டுக்கு எப்படி உயர்த்துவது?

ஒத்தி வைத்த வரி: நான் சுகம். உன் சுகத்தை எனக்கு எழுத வேண்டாம், கம்சிகாவுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லு. முதல் மணியிலேயே எடுப்பாள்.