கிடாவைக் குளிப்பாட்டியவள்

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊர் வந்தாலும் சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன். (இப்போது கண்டக்டர்களே என் முகத்தைப் பார்த்து விசில் அடித்துவிடுகிறார்கள்.) பிறவிக் குணம் என்று நினைக்கிறார்கள். இல்லை. சின்ன வயதில் ஒரு தடவை கூட்டத்தில் வாயைத் திறந்தேன். அப்பாவுக்கு வயலில் ஒரு முழ அகலம் போய்விட்டது. அதற்கு மேல் யாருக்குத்தான் பேச்சு வரும்?

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் நெல் வயல், கிணறு, பம்புசெட், சில ஆடுகள். அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் காதுகுத்துக்கு வெட்டுவதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று வீட்டில் வளர்ந்தது. சாமிக்கு விட்டதற்குப் பெயர் வைக்காதே என்று அம்மா சொல்லியிருந்தார். நான் ராசா என்று பெயர் வைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். சாமியிடம் போகிற ஆடு சுத்தமாகப் போக வேண்டாமா என்று எனக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூடம் விட்டதும் ராசாவைப் பம்புசெட் குழாய்க்கு முன்னால் நிறுத்தி, அப்பாவின் சோப்பைப் போட்டுத் தேய்ப்பேன். (சோப்பு இப்படிக் கரைகிறதே என்று அப்பா கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.) முதலில் திமிறியவன், போகப் போக அருவி மாதிரித் தண்ணீர் முதுகில் கொட்டினாலும் கண் சொக்கி அசையாமல் நிற்கப் பழகிவிட்டான். "போதும் வாடா" என்று நான் சொன்ன பிறகுதான் பக்கத்தில் வந்து உடம்பை உதறுவான். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

எங்கள் கோயிலில் கிடா சம்மதிக்காமல் வெட்டமாட்டார்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. உதறாவிட்டால் குடும்பத்தில் யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் குளியலையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற அளவுக்கு அறிவு வேலை செய்யவில்லை.

காதுகுத்துக்கு அப்பாவின் அண்ணனும் வந்திருந்தார். இருவரும் பேசிப் பல வருடம். காரணம், இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பு. உழவுக்கு உழவு பெரியப்பாவின் மண்வெட்டி அதை எங்கள் பக்கமாக நகர்த்தியது. சாமி முன்னால் நல்லபடியாகப் பேசி, போன இடத்தை வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் அப்பா நேரில் போய் அழைத்திருந்தார்.

பூசாரி தண்ணீர் தெளித்தார். ராசா அசையவில்லை. செம்பால் ஊற்றினார். அசையவில்லை. குடத்தையே கவிழ்த்தார். ராசா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பசியோடு இருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

திடீரென்று பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார்.

"கருப்பா, நாந்தேன் வரப்ப வெட்டுனேன். ஒரு மொழம் எம்பக்கம் வந்துருச்சு. நாளைக்கே தம்பிக்கு விட்டுக் குடுத்துர்றேன்யா."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எல்லோரும் ராசாவைப் பார்த்தார்கள். ராசா அடுத்த குடத்துக்காகக் காத்திருந்தான்.

"அப்பக் குத்தம் வேற எடத்துல இருக்கு" என்றாள் அத்தை. அவள் கண் அம்மா மேல் இருந்தது. "பொங்க வச்சவ குளிச்சாளோ என்னமோ."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. வந்த வழியில் அது கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாம்.

"அம்மா குளிச்சுட்டுத்தேன் வந்துச்சு. ராசாவும் தெனமும் குளிக்கும். நாந்தேன் மோட்டார்ல குளுப்பாட்டுவேன்."

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "மோட்டார்லயா?"

"சோப்புப் போட்டு."

இப்போது அப்பா என்னைப் பார்த்த பார்வை வேறு. பெரியப்பா மெதுவாக எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அப்பச் சாமிக்கு எம்மேல கோவமெல்லாம் இல்ல. ஆட்டுக்குத் தண்ணி பழகிப்போச்சு, அம்புட்டுத்தேன்." அப்பா பக்கம் திரும்பினார். "வரப்பு இருக்குற எடத்துலயே இருக்கட்டும்ப்பா."

அதோடு விடவில்லை. குளிப்பாட்டிய நீயே உத்தரவு வாங்கிக் கொடு என்று பூசாரி என்னை முன்னால் தள்ளினார். அத்தனை பேர் முன்னால், பாதிக் குரலில், "போதும் வாடா" என்றேன். நம்பி வந்தான். என் புதுப் பாவாடை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெறிக்க உதறினான். பெண்கள் குலவை போட்டார்கள். (இனிக் கறியே தொடமாட்டேன் என்று அழுதுகொண்டே சபதம் எடுத்தேன். அது ஈரல் வறுவல் இலைக்கு வரும்வரை தாங்கியது.)

அதன் பிறகு நான் பேசுவதில்லை. குடும்பமும் மறக்கவில்லை. சமயநல்லூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது தரையைப் பார்த்து நின்றேன்.

"ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்கப்பா, தெளிச்சுப் பாப்போம்" என்றார் பெரியப்பா. வந்த சிரிப்பை அடக்கியதில் என் தோள் குலுங்கியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்றார்கள். கிடாவுக்கு ஒரு குடம் காலியாகும்வரை பொறுத்தவர்கள், எனக்குச் செம்பு வருவதற்குள் தட்டை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் நான் பதில் சொல்லத் தாமதித்தால் என் வீட்டுக்காரர் செம்பைத் தேடுகிறார்.

அந்த ஒரு முழத்தில் பெரியப்பா வைத்த தென்னைகள் இப்போது காய்த்துத் தள்ளுகின்றன. ஊருக்குப் போகும்போதெல்லாம் இளநீர் சீவி என் கையில் கொடுப்பார்.

"குடி தாயி. நீ வாங்கிக் குடுத்த எடம்."

அப்பா மட்டும் தனக்குத் தாகமில்லை என்பார்.