அக்காவின் பெயரைச் சொன்னவர்கள்

மாலதி அக்கா, உன்னைக் கேட்காமல் இதை எழுதுகிறேன். கேட்டிருந்தால், "எழுதுடா, மைக் பக்கம் மட்டும் போயிடாத" என்றிருப்பாய்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மாலதி என் கூடப் பிறந்தவள். கோலாலம்பூரில் மூத்திரக் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டர். (அம்மா யார் கேட்டாலும் "கிட்னி டாக்டர்" என்றுதான் சொல்வார். மூத்திரம் என்ற சொல் அவர் வாயில் வராது.) ஆராய்ச்சியும் செய்தவள். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்குப் பிழியும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்த மூளையை மூத்தவளே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

லோரியில் என்னோடு வருபவர் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் லெட்சுமணன். அடிக்கடி நிறுத்தச் சொல்லி மரத்துக்குப் பின்னால் போவார். ஒரு நாள் போனவர் வெளுத்த முகத்தோடு திரும்பினார். மூத்திரத்தில் ரத்தமாம். வலி இல்லையாம். அக்காவுக்குப் போன் போட்டேன். வலி இல்லாமல் வருவதுதான் அவளுக்கு அதிக பயம் என்றாள். உடனே கூட்டி வரச் சொன்னாள். மண்டோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அதனால்தான் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்தில் எல்லா ஆண்களுக்கும் இலவசப் பரிசோதனை வைத்தாள். கூட்டத்தோடு கூட்டமாக அவரும் வந்துவிடலாம். கெஞ்சிக் கூத்தாடியதில் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது தம்பி. தெரிஞ்சா வரமாட்டேன்."

அக்காவை அறிமுகப்படுத்திப் பேசும் வேலையைக் கோயில் தலைவர் என் தலையில் கட்டினார். முந்தின நாள் வரை எனக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை. என்ன பேசுவது? அக்காவின் மாணவி ஒருத்தி ஓர் இணையப் பக்கத்தை அனுப்பினாள். அக்கா எழுதிய கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன. ஓரத்தில் பெரிதாக ஓர் எண்.

"டாக்டர் எழுதுனத எத்தன பேரு அவங்க கட்டுரையில எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு காட்டும் அண்ணா. அதான் மதிப்பே," என்றாள்.

எண்ணைத் தட்டினால் அப்படி எடுத்துச் சொன்னவர்களின் பெயர்களும் வந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே கவலையும் வந்தது. இத்தனை பேர் அக்காவுக்கு மரியாதை செய்திருக்கிறார்கள், நம் பக்கத்திலிருந்து ஒரு நன்றிகூடப் போகவில்லையே. எங்கள் கோயிலில் ஒரு மூட்டை அரிசி கொடுத்தவர் பெயரைக்கூட மைக்கில் சொல்லிவிடுவோம். விட்டுப்போனால் அடுத்த திருவிழாவுக்கு அவர் வரமாட்டார். (சின்ன விஷயம் இல்லை லா.)

மறுநாள் மைக்கைப் பிடித்தேன். வேர்வையில் போன் வழுக்கியது. "டாக்டர் மாலதி அவர்களின் சிறுநீர் ஆராய்ச்சியால் பயன்பெற்ற பின்வரும் நல்லுள்ளங்களுக்கு நன்றி" என்று ஆரம்பித்து, ஜப்பான்காரர், துருக்கிக்காரர் பெயர்களை எல்லாம் நாக்கு சுளுக்கப் படித்தேன். வெளிநாட்டுக்காரனுக்கும் மூத்திரக் கோளாறா என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த பெயரையும் படித்தேன்.

"லெட்சுமணன்."

அந்தப் பெயரில் எங்கோ ஒரு டாக்டர் இருந்து தொலைத்திருக்கிறார்.

மண்டோரின் மனைவி சரசு அத்தை மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். மண்டோர் எழுந்து வெளியே நடந்தார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் செருப்பைத் தேடினார்கள். அக்கா ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, அவர்கள் எல்லாரும் டாக்டர்கள், நோயாளிகள் இல்லை என்று விளக்கினாள். யார் நம்பினார்கள்? எனக்கு அந்த ரத்தம்தான் கண்ணில் நின்றது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் என் வாய்தான் காரணம். வெளியே ஓடினேன்.

மண்டோர் தன் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். சாவி அதற்குள் சரசு அத்தையின் கையில் இருந்தது.

"எத்தன நாளா?"

"அது வேற லெட்சுமணன்," என்றார் மண்டோர், தரையைப் பார்த்து.

"வேற லெட்சுமணனுக்கு வந்ததுக்கு ஒனக்கு ஏன்யா வேர்க்குது?"

அத்தையின் குரல் உடைந்தது. "இனிமே மறைக்க என்னா இருக்கு? தோட்டத்துக்கே தெரிஞ்சிபோச்சி. உள்ள நட."

நடந்தார். மண்டோரே போகிறார் என்றதும் செருப்பு போட்டவர்கள் திரும்பக் கழற்றினார்கள். அன்றைக்கு வரிசை வாசல் வரை நின்றது. பிறகு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் அவருடைய மூத்திரப்பையில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. அக்காவே அறுத்து எடுத்தாள். இன்றும் அவர் என் லோரியில்தான் வருகிறார்.

அன்று காரில் ஏறும்போது அக்கா சொன்னாள்: "என் மானத்த வாங்கிட்ட. ஆனா ஆளக் கொண்டாந்துட்டடா."

இப்போதும் கல்யாணப் பந்தியில் யாராவது பாதியில் டாய்லெட்டுக்கு எழுந்தால், "தம்பி, மைக்க எடு" என்பார்கள்.

அக்கா போன மழைக்காலத்தில் டிங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். எல்லாரையும் சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்றவள், தன் காய்ச்சலை மட்டும் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அவளை யாரும் மைக்கில் சொல்லிப் பிடித்து இழுத்து வரவில்லை.

அந்தப் பக்கத்தை நான் இன்னும் திறந்து பார்க்கிறேன். அவள் போன பிறகும் எண் ஏறுகிறது. எங்கோ யாரோ அவள் பெயரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். புதுப் பெயர் வந்தால் லோரியை ஓரம் கட்டிச் சத்தமாகப் படித்து நன்றி சொல்கிறேன். "நம்ம பேரு இருக்கா பாரு" என்று கேட்டுவிட்டு மண்டோர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

இதைப் படிக்கிற எல்லாரும் அவரவர் சாமியிடம் என் அக்கா மாலதிக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். பெயரைச் சத்தமாகவே சொல்லுங்கள்.