பவளத்துக்கு நான் வைத்த செக் ஷீட்

பராமரிப்பு அதிகம் கேட்கும் பொருளை யார் வேண்டுமானாலும் பாழாக்கிவிடலாம். பராமரிப்பே கேட்காத ஒன்றைப் பாழாக்கத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருபத்து மூன்று வயதிலேயே கைவந்திருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கும் நினைத்தால் காது மடல் சூடாகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்ரீபெரும்புதூரில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் பயிற்சியாளன். ‘ஃபைவ் எஸ்’ போட்டியில் எங்கள் லைனுக்குக் கேடயம் வாங்கிக் கொடுத்தவன். (வேண்டாததைத் தூக்கிப் போடு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கு என்பதுதான் ஃபைவ் எஸ். வாடகை அறையில் என்னோடு இருந்த மூன்று பேரின் செருப்புகளைச் சுற்றியும் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். அவர்கள் என்னை உயிரோடு விட்டது என் பெற்றோர் செய்த புண்ணியம்.)

எங்கள் மேலாளர் டேனியல் சார் நாகர்கோவில்காரர். சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு நாகர்கோவிலில் வங்கி வேலை. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த அந்த அம்மா, லாரியும் புழுதியுமாக இருக்கிற ஊருக்கு எதற்கு வரவேண்டும் என்று மாற்றல் கேட்காமலேயே இருந்தார். கல்யாணமாகி நான்கு வருடம். சார் மூன்று வேளையும் கேன்டீனில் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாது. அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அதனால் சார் கடலையே வீட்டுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தார். வாடகை வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், பாறைகள், மேலே நீல விளக்கு. இனி பவளம் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் கம்பெனி அவரை ஆறு வாரப் பயிற்சிக்குப் புனேக்கு அனுப்பியது. திரும்பும்போது மனைவியையும் அழைத்துவருவதாக ஏற்பாடு. வந்து பார்த்துவிட்டு, பிடித்தால் மாற்றல் கேட்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தாராம்.

“நீ தூத்துக்குடிப் பக்கம்தானே? பவளமெல்லாம் பாத்திருப்பியே?” என்று சார் கேட்டார்.

“சின்ன வயசுலேருந்தே பழக்கம் சார்.”

(எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் மேற்கே. அதுவரை கடலை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். இரண்டு முறையும் திருச்செந்தூரில், மொட்டைத் தலையோடு.)

பவளம் வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டார். சீக்கிரம் வளர வேண்டும், அதிகம் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாததாக இருக்க வேண்டும், நான் வருவதற்குள் பாறை பச்சையாக வேண்டும் என்றார். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்ற, குளியலறை ஜன்னலடியில் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரும் அதைச் சுழற்ற ஒரு குட்டி மோட்டாரும் வைத்திருந்தார். இன்னும் ஏதேதோ சொன்னார். நான் வேலை நிரந்தரமாகும் கனவில் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரேயொரு கடையில்தான் பவளம் இருந்தது. (பிறகு அதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது. இன்று அந்த வேலைக்குக் கிளம்பினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.) கடைக்காரர் மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட ஒன்றைக் காட்டினார். அழகுதான், ஆனால் அதற்கு வெளிச்சமும் சுண்ணாம்புச் சத்தும் அளந்து அளந்து கொடுக்க வேண்டுமாம். அடுத்து, உள்ளங்கையைத் திறந்து திறந்து மூடுவதுபோல் துடிக்கும் ஒன்று. அது வேகமாக வளரும், ஆனால் சில வீடுகளில் காரணமே இல்லாமல் கரைந்துபோகுமாம். காளான் போல ஒன்று, நிதானமாகப் பரவுவது. கடைசியாக, ஊதா நிறத் தோல் மேல் பச்சை நட்சத்திரங்கள் அடர்ந்து, அறுகம்புல் மாதிரி ஆடிக்கொண்டிருந்த ஒன்று.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். புது சப்ளையரைத் தேர்ந்தெடுக்க எங்கள் கம்பெனியில் மதிப்பெண் போடும் தாள். வளர்ச்சிக்குப் பத்து, பராமரிப்புக்குப் பத்து. கடைக்காரர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைப் புல் முதலிடம்.

“இத்த பாறைல வெச்சிட்டு கைய கட்டிக்கினு நில்லுபா. நோண்டாத. அதும்பாட்டுக்கு வளரும்” என்றார்.

வியாபாரி அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே சரியான காரியம் அந்தத் தேர்வு என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். அதற்கு மேல் ஒன்றும் தேறாது.

மடியில் தண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, பச்சைப் புல்லை நான்கு பாறைகளில் வைத்தேன். உடனே நட்சத்திரங்கள் உள்ளே போய், வெறும் ஊதாத் தோல் மட்டும் நின்றது. பயணக் களைப்பு என்று விட்டேன். மறுநாள் தொட்டிப் பக்கத்துச் சுவரில் ஒரு செக் ஷீட் ஒட்டினேன். தேதி, நிறம், வாசனை, உறுதி. உறுதியைச் சோதிக்க விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஷிஃப்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அதுவும் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. திறக்காததால் எனக்குக் கவலை. கவலைப்பட்டதால் கொஞ்சம் அழுத்தியே தொட்டேன்.

ஞாயிறுதோறும் சார் வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். முதல் வாரம், “பிடிச்சுக்கிச்சு சார்” என்றேன். இரண்டாம் வாரம் பாறையில் கால்வாசி மூடியது. நான்காம் வாரம் முக்கால்வாசி. எல்லாம் என் வாயில்தான் வளர்ந்தது. சார் அதை அப்படியே நாகர்கோவிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “அவ ஆசையாத்தான் கேக்குறாப்பா” என்று ஒருமுறை சொன்னார். அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றதெல்லாம் மடத்தனம், இது மட்டும் ஈனத்தனம்.

ஆறாம் வாரம் அது செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். செத்ததை வைத்திருப்பது ஃபைவ் எஸ்ஸுக்கு விரோதம். பாறைகளைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், ஊதாத் தோலைச் சுரண்டி எறிந்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பாறைகள் பல் மாதிரி வெளுத்தன. அந்தப் பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்தன, தொட்டி நடந்ததே அவற்றால்தான் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் பளபளப்புதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் ஃபேன்சி ஸ்டோரில் பச்சை பிளாஸ்டிக் புல் வாங்கி, கத்தரித்து, லைனில் ஒயர் கட்டும் கேபிள் டையால் பாறைகளில் சம இடைவெளியில் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது, வெட்கமில்லாமல் திருப்தியாகவும் இருந்தது.

நான்கு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். ஸ்டெல்லா அக்கா தோள்பையைக்கூட இறக்காமல் நேராகத் தொட்டிக்குப் போனார். சார் பின்னாலேயே நின்று, தொட்டியைப் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் சிரிப்பாகத் தொடங்கியது. பிறகு மெல்ல இறங்கியது. அக்கா தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு கேபிள் டையை இழுத்தார். புல் மிதந்து மேலே வந்தது.

“இதுக்கா இவ்ளோ தூரம் கூப்பிட்டீங்க?” என்று கணவரிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. கால் கழுவக் குளியலறைக்குப் போய்விட்டார்.

 சார் சுவரில் இருந்த செக் ஷீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். முழுக்க டிக். நான் தரையைப் பார்த்தேன்.

“இஞ்ச வாங்க” என்று உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டார்.

பக்கெட்டில் குட்டி மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில், பிளீச்சிங் பவுடர் போடும் முன் நான் சுரண்டியபோது தெறித்து விழுந்த கட்டைவிரல் நகமளவு சில்லு ஒன்று. அதன்மேல் ஏழெட்டுப் பச்சை நட்சத்திரங்கள், வெயிலில் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. யாரும் தொடாத நான்கே நாளில்.

நம்ப முடியாமல் என் விரல் தானாகப் பக்கெட்டுக்குள் போனது. பட்டதும் நட்சத்திரங்கள் அத்தனையும் உள்ளே போய்விட்டன.

“கைய எடு தம்பி” என்றார் அக்கா. “சும்மா நில்லு.”

மூன்று பேரும் அந்தக் குளியலறையில் சும்மா நின்றோம். அரைமணி நேரம் இருக்கும். முதலில் ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. ஏழாவது வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“தினமும் ரெண்டு தடவ தொட்டியா?” என்றார் சார்.

“ஆமா சார்.”

“செத்துருக்கும்னு நெனச்சியா?”

“ஆமா சார்.”

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா மூன்று நாளில் ஊருக்குப் போய்விட்டார். சில்லு பிழைத்தது. சார் அதைத் தொட்டியில் வைத்துப் பரவவிட்டார். ஒரு பாறை முழுக்கப் பச்சையானபோது ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போது வந்து பார்த்துவிட்டுத்தான் அக்கா மாற்றல் கேட்டார். எனக்கு வேலையும் நிரந்தரமானது. சார்தான் சிபாரிசு செய்தார். அந்த ஒரு வருடமும் அவர் கேன்டீனில் தட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடிதான் நானும் சாப்பிட்டேன். 

என் கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். மேடையேறிய அக்கா, என் மனைவியின் காதில் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் இட்லிப் பானையைத் திறந்து பார்த்தாலும், உறைந்ததா என்று தயிரில் விரல் வைத்தாலும் ஒரே வசனம்தான்.

போன மாதம் மகள் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டினேன். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி தட்டினேன். மூன்றாவது தடவைக்குக் கையை ஓங்கியபோது உள்ளேயிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல் வந்தது.

“கைய எடு தம்பி.”

எடுத்துவிட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே சும்மா நின்றேன்.