மூன்று நாள் வைத்துப் பார்த்த வைரம்

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம். எனக்கு 'அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்'. இருபத்தொன்பது வயது வரைக்கும் அது ஒரு நோய் என்றே எனக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஒரு நகைக்கடையில், இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நோய் என்று உறுதியாயிற்று. ஏழு வருஷம் ஆகிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் அசதியாக வருகிறது. அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் நாமகிரிப்பேட்டை. வேலை நாமக்கல்லில், ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்குப் பார்த்த பெண் பவித்ரா, சூரமங்கலம். அவள் அப்பா ரயில்வேயில் இருந்தார். அவள் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். (கணக்கு டீச்சர் என்றதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.) ஜாதகம் பொருந்தியது, பெரியவர்கள் பேசி முடித்தார்கள், நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. இனிமேல் போனில் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மண்டபம் எது என்று கேட்டாள். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். நிச்சயப் புடவை என்ன கலர் என்றாள். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்." உங்களுக்கு டீ பிடிக்குமா காப்பி பிடிக்குமா என்று கேட்டாள். அதற்கும் ஒரு நொடி தயங்கினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. மோதரத்துல ஓவல் வைரம் வேணும். வட்டம் வேண்டாம். பெருசாவும் வேண்டாம், சின்னதா இருந்தாப் போதும். ஆனா அந்தக் கல்லை நீங்க தனியாப் போயி, நீங்களே பாத்து எடுக்கோணும். யாரையும் கேக்கக் கூடாது."

"எதுக்கு இப்பிடி ஒரு கண்டிசன்?"

"நாளைக்கு நான் குடித்தனம் பண்ணப் போறது உங்களோட தானுங்களே? ஒரு கல்லைக்கூட உங்களால முடிவு பண்ண முடியாதுன்னா, அதை நான் இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதில்லீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது சிரிப்புக்காகச் சொன்னதில்லை என்பது எனக்கே விளங்கியது. பத்திரிகை அடிக்கவில்லை. இன்னும் எல்லாமே அவள் ஒரு வார்த்தையில் நின்றுபோகக்கூடிய கட்டத்தில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். எங்கள் வீட்டுக்கு வழக்கமான கடை. கடைக்காரருக்கு என் அப்பாவின் வயது. நீலத் துணியை விரித்து மூன்று ஓவல் கல்லை வைத்தார்.

"நாமக்கல் பக்கத்துக்காரரு. முட்டை வடிவத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமா?" என்று சிரித்தார்.

நானும் தொழில் பழக்கத்தில் ஒரு கல்லை எடுத்து, முட்டையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கடைப்பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைக்காரர் என் கையிலிருந்து கல்லைப் பதமாக வாங்கி, ஒரு லென்ஸைக் கொடுத்தார்.

"ரெண்டு கன்னமும் ஒண்ணாட்டம் இருக்குதான்னு பாருங்க. முனை ரொம்பக் கூராகவும் கூடாது, மொட்டையாகவும் கூடாது. நடுவுல சித்தெ நெழல் தெரியும். அது கொறை இல்லீங்க. ஓவல்னாக் கொஞ்சமாச்சும் நெழல் உழத்தான் செய்யும்."

இரண்டு மணி நேரம் பார்த்தேன். லென்ஸில் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் என் இமைமுடிதான். ஆனாலும் மூன்றில் ஒன்று, கொஞ்சம் ஒல்லியாக, நடுவில் மெல்லிசாக ஒரு கறுப்பு ஓடிய கல், எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பவித்ராவின் விரலில் அது இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"இதுதானுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நானே எடுத்த முதல் முடிவு. அத்தோடு மோதிரம் செய்யச் சொல்லிவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"எதுக்கும் ஒரு மூணு நாள் ஊட்டுல வெச்சுப் பாத்துருங்க" என்றார் கடைக்காரர். "ஒத்துக்கிச்சுன்னா மோதரம் செய்யலாம். ஒத்துக்கலைன்னா வேற கல்லு மாத்திக்கலாம்."

வைரம் வாங்குகிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். எல்லா வைரமும் எல்லாருக்கும் ஆகாது. மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது நடந்தால் வைத்துக்கொள்ளலாம், கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "செரிங்க" என்று வந்தது.

பொட்டலத்தைப் பார்த்ததும் அம்மாவின் முகமே மாறிவிட்டது.

"வைரம்னாச் சும்மாவா சாமி? ஒத்துக்கிச்சுன்னா ஊட்டைத் தூக்கி நிறுத்தும். ஒத்துக்கலைன்னா ஊட்டையே சாச்சுப் போடும்" என்று சொல்லி, மஞ்சள் துணியில் முடிந்து என் தலையணைக்கு அடியில் வைத்தார். விடிந்ததும் விசாரணை.

"கனவுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலைம்மா."

"ஒண்ணுமே வரலையா? அது நல்லதில்லையே."

இரண்டாம் நாள் தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோயிற்று. அந்த மோட்டார் இரண்டு வருஷமாக முனகிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்த அத்தனை எலக்ட்ரீசியன்களும் அதற்கு நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் பழி முழுவதும் மஞ்சள் துணிமேல் விழுந்தது. கல்லை எடுத்துக்கொண்டு மறுபடியும் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

இரண்டாவது கல் வந்தது. மறுநாளே எடப்பாடியிலிருந்து அக்கா போன் செய்தாள். தறிக்கு நூல் எடுத்துவரப் போன மச்சான் பைக்கிலிருந்து விழுந்துவிட்டாராம். முட்டியில் சிராய்ப்பு. அம்மா என் தலையணையைப் பார்த்தார்.

"அம்மா, நாமகிரிப்பேட்டை எங்கே, எடப்பாடி எங்கே? தலகாணிக்கடியில இருக்கற கல்லு அங்க போயி மச்சானைத் தள்ளி உட்டுச்சா?"

மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்கும் அப்பா அன்றைக்குத் திறந்தார். "வைரத்துக்குத் தூரமெல்லாம் கணக்கில்லை சாமி" என்றார்.

இதற்கிடையில் தினமும் பவித்ராவின் போன்.

"கல்லு எடுத்தாச்சுங்களா?"

"எடுத்தாச்சு."

"நீங்களே தானுங்களே?"

"நானேதான்."

பொய் சொல்லிவிட்டு வைப்பேன். அம்மா அடுத்த அறையிலிருந்து, "இந்தக் கல்லையும் திருப்பிக் குடுத்துரு" என்பார். ராசிபுரம் வழியாகப் போகும் சேலம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டைக் கண்டக்டரே பிடித்து வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. தீவனக் கம்பெனியில் மேனேஜர் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா, சேலத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று அக்கறையோடு விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் அம்மா, "உனக்குப் பாக்கத் தெரியலை. நானே வாரேன்" என்றார். அம்மா மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. அப்பா, அக்கா, நொண்டிக்கொண்டே மச்சான், கல் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் தாய்மாமன், எல்லாரும் ஒரு வேனில் வந்து இறங்கினோம்.

கடைக்காரர் களைத்துப்போயிருந்தார். மூன்று கல்லையும் மறுபடி நீலத் துணியில் வைத்தார். மாமன் செல்போன் டார்ச்சைப் போட்டு ஒல்லிக் கல்லின்மேல் அடித்தார்.

"இதென்ன நடுவுல கறுப்பு? காக்காக் காலாட்டம் இருக்குது! வைரத்துல காக்காக் கால் இருந்தாக் குடும்பத்துக்கே ஆகாதே!"

"அது காக்காக் கால் இல்லீங்க. ஓவல்னா அப்பிடித்தானுங்க."

"அப்ப ஓவலே ஆகாது. வட்டமா ஒண்ணு எடுங்க."

"இது பாக்கறதுக்கு யாரோ மிதிச்சு நசுக்குனாப்ல இருக்குது" என்றாள் அக்கா. மச்சான் முட்டியைத் தடவிக்கொண்டு, எந்தக் கல் தன்னைத் தள்ளிவிட்டது என்று கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பவித்ராவும் அவள் அப்பாவும் உள்ளே வந்தார்கள். விரல் அளவு கொடுப்பதற்காகக் கடைக்காரர்தான் போன் செய்து கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்திருப்பதால் இன்றைக்குக் கல் முடிவாகிவிடும் என்பது அவருடைய நல்ல எண்ணம்.

பவித்ரா எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். டார்ச்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வா கண்ணு, நல்ல நேரத்துல வந்தே" என்று அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவளும் உட்கார்ந்தாள். மூன்று கல்லையும் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"இதுல நீங்க எடுத்தது எதுங்க?"

எனக்குத் தெரியும். இடதுபக்கம் இருந்த அந்த ஒல்லிக் கல். விரலை நீட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். கையைப் பாதி தூக்கியும் விட்டேன். அதற்குள் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

கடைக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். அப்பா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். எங்கள் அம்மாவே தலையைக் குனிந்துகொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவித்ரா அழவில்லை, சத்தம் போடவில்லை. கடைக்காரர் கொடுத்திருந்த, விரல் அளவு பார்க்கும் வளையக் கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இந்தக் கல்லை எதுக்குங்க மூணு நாள் ஊட்டுல வெச்சுப் பாக்கறாங்க?"

"ஒத்துக்குதான்னு பாக்கறதுக்குங்க கண்ணு."

"ஒத்துக்கலைன்னா?"

"திருப்பிக் குடுத்தறலாமுங்க."

"அப்பக் கல்லை உடுங்க. நான் இவரை மூணு நாள் வெச்சுப் பாக்கறேன். ஒத்துக்கலைன்னாத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"பவித்ரா..." என்று அவள் அப்பா இழுத்தார்.

"நாஞ் சும்மா சொல்லலைங்கப்பா."

அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும். இந்தப் பெண் எழுந்து போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இவள்தான் வேண்டும் என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"வாரேன்" என்றேன்.

மூன்று நாள். வேலை முடிந்ததும் சூரமங்கலம் போக வேண்டும், சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும், வீட்டில் என்ன வேலை இருக்கிறதோ செய்ய வேண்டும், யாருக்கும் போன் செய்யக் கூடாது. முதல் நாள் தேங்காய்ச் சட்னி அரைக்கிறேன் என்று மிக்ஸியைப் புகைய வைத்தேன். இரண்டாம் நாள் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தேன். அது சொட்டுவதை நிறுத்திவிட்டுப் பீய்ச்சி அடிக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரைத் துடைக்கப் போய் அவள் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வைரத்துக்குச் சொன்ன சட்டப்படி பார்த்தால் என்னை அப்போதே பொட்டலம் கட்டியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது வாசலில் நின்று அவளிடம் சொன்னேன். "நாளைக்குக் கடைக்குப் போறேன். அந்த ஒல்லிக் கல்லைத்தான் எடுக்கப் போறேன். நடுவுல கறுப்பு இருக்குது. அம்மாவுக்குப் புடிக்கலை. மாமனுக்கும் புடிக்கலை. எனக்குப் புடிச்சிருக்குது."

"மோட்டார் எரிஞ்ச கல்லுங்களா?" அந்தக் கதையெல்லாம் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"ஆமா."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு வெந்நீர் வைக்க உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (அந்த இரண்டு நாள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

நிச்சயத்தன்று மோதிரத்தை அவள் விரலில் போட்டேன். போட்டதும் மண்டபத்தில் கரண்ட் போயிற்று. ஒட்டுமொத்த உறவும் இருட்டில் அவள் விரலையே பார்த்தது. மாமன் தொண்டையைக் கனைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா அம்மா பக்கம் திரும்பி முந்திக்கொண்டாள்.

"கல்லைச் சொல்லாதீங்க அத்தை. உங்க பையன் வந்த மூணு நாளும் எங்க ஊட்டுலயும் இதே கதிதானுங்க."

முதலில் சிரித்தது அம்மாதான். அதற்குப் பிறகு ஒருவரும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து அந்த வைரம் பிழைத்துக்கொண்டது. நான் மாட்டிக்கொண்டேன். மோட்டார் எரிந்தாலும், எடப்பாடியில் தறி நின்றாலும், மச்சான் எங்கேயாவது விழுந்தாலும் எனக்குத்தான் முதல் போன் வருகிறது. "மாப்ள, இன்னைக்கு எங்க இருக்கறீங்க?" என்று மச்சானே கேட்பார். போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. நான் நாமக்கல்லில் ஆபீசில் இருந்தேன், அதைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் என் ஐந்து வயது மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவைத் திருப்பிக் குடுத்தர்லாமா?"

உருகிய ஐஸைத் துடைத்துக்கொண்டிருந்த பவித்ரா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நான் அப்பவே கேட்டுப் பாத்துட்டேன் சாமி. உங்க அப்பத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க."