அரசாங்கம் ஓடிப்போகுமா?

பிஷ்கேக் நகரத்து இல்லத்தரசி ஜாங்கிலுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது: கணவனிடம் கை நீட்டாமல் ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்க வேண்டும்.

அந்த வருஷம் ஊரில் "உட்கார்ந்தபடி வருமானம்" என்ற நாகரிகம் பரவியிருந்தது. கணுக்கால் தெரியக் கால்சட்டை போட்ட பையன்கள் ஓட்டல் மேடைகளில் ஏறி, வாடகைக்கு விட ஒரு வீடுகூட இல்லாதவள் பெண்மணியே அல்ல என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஜாங்கில் தன் கல்யாண வெள்ளி நகைகளை விற்று, பழைய அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் வாங்கினாள்.

"குடியிருக்கிறது யாரு?"

"அரசாங்க ஆபீஸ், அக்கா. அரசாங்கம் எங்கேயாவது ஓடிப்போகுமா?" என்றான் விற்றவன்.

ஓடிப்போகவில்லைதான். வாடகைதான் வரவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து நேரில் போனாள். வாசலில் பலகை தொங்கியது: "தரவேண்டியதைத் தராதோர் மீதான புகார்களைப் பெற்றுப் பரிசீலிக்கும் துணைப்பிரிவு."

உள்ளே அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. முதல்ல ரொட்டியைப் பிட்டு வாயில போடுங்க. யாரு மேல புகார்?"

"உங்க மேலதான் தம்பி."

"ரொம்ப நல்லது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

புகாரை மரியாதையோடு வாங்கி, "வாடகை" என்ற இடத்துக்கு எதிரே தன் பெயரை முத்து முத்தாக எழுதினார்: தொலோகோன். மூத்த பிள்ளை இறந்துபோய் இவர் பிறந்தபோது, ஆண்டவன் கடனைக் கட்டிவிட்டான் என்று பெற்றவர்கள் வைத்த பெயர். நம் கிர்கிஸ் பேச்சில் அதற்கு "கட்டியாச்சு" என்று அர்த்தம்.

மேலதிகாரிகள் படித்தார்கள். வாடகை: கட்டியாச்சு. கோப்பு இனிதே மூடப்பட்டது.

ஜாங்கில் மறுபடி போய்க் கத்தினாள். "அந்தப் பேரை முதல்ல மாத்துங்க!"

"பேரை மாத்த விதியில இடமில்லக்கா. ஆளை வேணா மாத்தலாம்."

மாற்றினார்கள். புதியவர் பெயர் தொக்தோசுன். பிள்ளை நிலைக்க வேண்டும் என்று வைப்பது. "இருக்கட்டும்" என்று பொருள். அவளுடைய புதுப் புகாரில் "குடியிருப்போரைக் காலி செய்யச் சொல்லலாமா?" என்ற கேள்விக்குக் கீழே அவரும் கடமை தவறாமல் தன் பெயரை எழுதினார்.

இனி இவர்களே வேண்டாம் என்று அமைச்சருக்கே மனு எழுதி, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"மனுவின் அடியில் தாங்களே 'தப்பு' என்று ஒப்புக்கொண்டிருப்பதால், தங்கள் நேர்மையை மெச்சி, மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரிசையாகப் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில் அவள் ஐந்தாவது. அப்பா ஆண்டவன்மேல் இருந்த கோபத்தில் வைத்த பெயர் ஜாங்கில், அதாவது "தப்பு".

"உங்கப்பா அன்னிக்கே தீர்ப்பு எழுதிட்டாரு," என்று கணவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அந்த வாரம் பேரன் பிறந்தான். மருமகளுக்கு நாகரிகமாக லியோனார்டோ என்று வைக்க ஆசை.

"லியோனார்டோவாவது லொட்டையாவது! தொலோகோன்னு வை. இவனாவது நிம்மதியா வாழட்டும்," என்றாள் ஜாங்கில்.

குழந்தையைக் கொஞ்சம் வெயிலில் காட்டலாம் என்று ஆனதும், தள்ளுவண்டியில் வைத்துச் சந்தைக்குக் கிளம்பினாள். கசாப்புக்கடை சபர்பெக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு கிலோ. தொடையாப் பார்த்துப் போடு. பேரன் கணக்குல எழுதிக்கோ."

பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு பொட்டலத்தை நீட்டினான். "காசு எப்போ வரும்க்கா?"

"நீ என்ன எழுதியிருக்கேன்னு வாய்விட்டு வாசி."

வாசித்தான். இன்னொரு முறையும் வாசித்தான். முகம் வெளிறியது.

"அநியாயம்க்கா இது! நான் எங்கே போய்ப் புகார் கொடுக்கிறது?"

ஜாங்கில் இறைச்சியைப் பேரன் காலடியில் பத்திரமாக வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள்.

"நீ அலையவே வேண்டாம் தம்பி. அதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு, நம்ம சொந்த இடத்துலதான். போய் என் பேரைச் சொல்லு."