அணிலம்மாவின் புளியங்கொட்டையும் கொக்கு சாரின் பெட்டியும்

“பெட்டி பெட்டின்னு சொன்னீங்க சார். இப்ப பெட்டியே கிடையாதுங்கறீங்க. என் புளியங்கொட்டைக்கு யாரு பதில் சொல்றது?”

ஒரு காட்டில், கொக்கு சார் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில், அணிலம்மா இப்படிக் கத்திக்கொண்டிருந்தாள். கத்தாமல் என்ன செய்வாள்? போனது மழைக்காலத்துக்கு என்று பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்த தீனி.

அந்தக் காட்டில் கொக்கு சாரின் மீன்தொட்டி உட்பட எல்லாருடைய தீனியும் ஓர் எந்திரத்தின் பூட்டுக்குள் இருந்தது. கட்டளை எழுதினால்தான் கதவு திறக்கும். எழுதக் கற்றுத்தர வந்தவர்தான் கொக்கு சார். “பேருன்னா ஒரு பெட்டி. உள்ளே சாமான். அவ்வளவுதான்” என்று முதல் நாளே ஒற்றைக் காலில் நின்று பாடத்தை முடித்துவிட்டார்.

அணிலம்மாவும் நம்பினாள். அவளுடைய கொழுந்தன், வேலைவெட்டி இல்லாதவன், “நானும் பழகறேன் அண்ணி” என்று வந்து நின்றான். கழுதை, பழகிவிட்டுப் போகட்டும் என்று ‘கொழுந்தன் பெட்டி = என் பெட்டி’ என எழுதி, நகல் எடுத்துக் கொடுத்த நினைப்பில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த மகராசன் முதன்முதலாகப் பழகிய கட்டளை ‘காலி செய்’. கதவு திறந்தது, அத்தனை கொட்டையும் உருண்டு ஓடையோடு போயிற்று. நகலும் காலி, அசலும் காலி.

“அது பெட்டியும் இல்லை, நகலும் இல்லம்மா.” கொக்கு சார் இறகைக் கோதினார். “ஒரே மூட்டைக்கு இன்னொரு பேர்ச்சீட்டு ஒட்டியிருக்கே. எந்தச் சீட்டைப் பிடிச்சு இழுத்தாலும் அதே மூட்டைதான் வரும்.”

“இதை முதல் நாளே சொன்னா என்னவாம்?”

“புதுசாப் படிக்கிறவங்களைப் பயமுறுத்தக் கூடாது.”

“பயமுறுத்தியிருந்தா என் பிள்ளைங்க சாப்பிட்டிருக்கும்!”

“உனக்குத்தான் மண்டையில ஏறலை. ஆமையைப் பாரு, எப்படித் தலையாட்டறான்!”

ஆமை தலையை நீட்டியது, இழுத்தது. பிறந்ததிலிருந்து அது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

“கொட்டையை நீங்கதான் தரணும்.”

“அதெல்லாம் பாடத்திட்டத்துல இல்லை.”

அணிலம்மா விறுவிறுவென்று எழுந்து போனாள். எந்திரத்தின் முன் உட்கார்ந்து, ‘அணில் பெட்டி = கொக்கு சார் மீன்தொட்டி’ என்று எழுதினாள். கடைசி வரிசையில் தூங்கி வழிந்த நீர்நாய்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

“ஏய், என்ன பண்றே?”

“பழகறேன் சார். நகல்லதானே? பயப்படாதீங்க.” ‘காலி’ வரைக்கும் எழுதியாகிவிட்டது.

“இரு, இரு! நெசமான நகல் எடுத்துத் தரேன், அதுல பழகு!” கொக்கு சார் பறந்தே வந்தார். எந்திரத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அலகால் முதுகைச் சொறிந்தார். பிறகு மெல்ல வகுப்பின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளைகளா, நெசமான நகல் எப்படி எடுக்கறதுன்னு யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்?”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நீட்டவில்லை.

நீதி: பாடம் புரியாவிட்டால் கேள்வி கேட்காதே; வாத்தியாரின் மீனில் பழகு.