மூச்சை மோந்து பர்சன்ட் சொல்கிறவர்

ஊருக்கு ஒருவர் இருப்பார். நெய்வேலியில் பிளாக்குக்கு ஒருவர். ஆபரேஷன் முடிந்து யாராவது கட்டிலில் கிடந்தால் போதும், டாக்டருக்கு முன்னால் வந்து நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து, அவர் விடுகிற மூச்சை ஒரு இழுப்பு இழுத்து, "இன்னும் நாப்பது பர்சன்ட் உள்ள இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வாரே, அவரேதான். எது நாற்பது? மயக்க மருந்து! ஈத்தர் என்கிற அந்த மருந்து மூச்சு வழியாகத்தான் வெளியே போகிறது, வாடை குறையக் குறைய மருந்தும் குறையும் என்று எந்தக் கம்பவுண்டரோ சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியைத் தாமே தயாரித்துக்கொள்கிறவரை என்ன செய்வது?

குஞ்சிதபாதம் குடியிருந்த பிளாக்கில் அவருக்குப் பெயர் சிங்காரவேல். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் மீட்டர் பார்க்கிற வேலை. "பூமிக்கு அடியில தண்ணி பிரஷர் எவ்ளோன்னு சொல்றவன் நான். மனுஷன் உடம்பு எம்மாத்திரம்?" என்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பல ஜில்லாக்களிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய ஜனங்கள். உடம்புக்கு வந்தால் அடுத்த வீட்டுக்காரர்தான் மாமன், மச்சான், வைத்தியர் எல்லாம்.

அன்று காலை குஞ்சிதபாதத்தின் மனைவி ராஜாம்பாளுக்குக் குடல்வால் ஆபரேஷன். கல்யாணமாகி எட்டு மாதம். அரை மயக்கத்தில் "தண்ணி... தண்ணி..." என்று முனகிக்கொண்டிருந்தாள். நர்ஸ் விருத்தாம்பாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுங்க. உதட்ட நனைச்சுவிடுங்க, போதும்." இரண்டு மணி நேரமாக ஈரத் துணியால் உதட்டைத் தொட்டுத் தொட்டு, அவனுக்கே தொண்டை வறண்டுவிட்டது.

சிங்காரவேல் ஷிப்ட் முடிந்த கையோடு, பிளாஸ்க் நிறையக் காபியுடன் வந்தார். ஆஸ்பத்திரிக்கு வெறும் கையோடு யாரும் வருவதில்லை. கொண்டுவந்த பிளாஸ்க்கைக் காலி செய்யாமல் திருப்பி அனுப்புவது கொண்டுவந்தவர் முகத்தில் அடிப்பது மாதிரி. குனிந்தார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. முகம் மலர்ந்தது.

"ஜீரோ! துளி வாடை இல்ல. அத்தனையும் வெளிய போயிடுச்சு. காபிய ஊத்துங்க, தெம்பு வரும்."

"நர்ஸம்மா வேணாம்னு சொல்லிகினு இருக்காங்களே, அண்ணே..."

"அவங்க எல்லாருக்கும் ஒரே பாட்டத்தான் பாடுவாங்க. பொண்டாட்டி கெஞ்சிகினு கெடக்கறா, நீங்க பாத்துகினு நிக்கறீங்களே!"

இந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. குஞ்சிதபாதம் அவள் தலையைத் தூக்கி டம்ளரைச் சாய்த்தான். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய்க்கு எல்லாமே குமட்டிக்கொண்டு மேலே வந்து, தொண்டையை அடைத்து, ராஜாம்பாளின் உதடு நீலம் பாரித்தது. அவன் போட்ட கூச்சலில் விருத்தாம்பாள் ஓடிவந்து, அவளைப் பக்கவாட்டில் புரட்டித் தலையைத் தாழ்த்தி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். குஞ்சிதபாதம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று அழுதான்.

ஒரு இருமல். அப்புறம் ஒரு மூச்சு. ஈத்தர் வாடை குப்பென்று அடித்ததில் அடுத்த கட்டில்காரிகூட மூக்கைப் பொத்திக்கொண்டாள். சிங்காரவேல் மட்டும் சாவதானமாக நின்றார்.

விருத்தாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சை அவர் மூக்கருகே நீட்டினாள். "இது என்ன வாடை, சொல்லுங்க."

சிங்காரவேல் நிதானமாக இழுத்துப் பார்த்தார். "தண்ணியில நனைச்ச பஞ்சு. இதுல என்ன வாடை இருக்கும்?"

காலையிலிருந்து பழுப்பு நிலக்கரித் தூளில் நின்றவர். மூக்குத் துளை இரண்டும் கெட்டியாக அடைத்திருந்தன.

வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் இருபது பேர் நடுவே, "நல்ல வேளை, பக்கத்துல நான் இருந்தேன். இல்லேன்னா அந்தப் பொண்ணு கதி என்ன ஆவறது?" என்றார். குஞ்சிதபாதமும் அங்கேதான் நின்றான். டம்ளரைப் பிடித்தது தன் கை; வந்த முதல் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்தவர் மூச்சை மோந்து பார்க்கிற வழக்கமே உங்களுக்குக் கிடையாது. ஆனாலும், மயக்கம் தெளியாதவளுக்குக் காபியா கொடுப்பார்கள், வெதுவெதுவென்று சோம்புத் தண்ணீர் அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் முன்னால் மனசுக்குள் சொன்னீர்களே, உங்களை யார் கேட்டார்கள்?